டிடி இந்தியா

டிடி இந்தியா என்பது உள்நாட்டு, வெளிநாட்டு நேயர்களுக்குப் பொதுவாகத் தூர்தர்சன் நடத்தும் 24 மணிநேர ஆங்கிலச் செய்தி அலைவரிசை ஆகும்.

இது 1995-இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கென டிடி இன்டர்நேசனல் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. உள்நாட்டில், டிடி மெட்ரோவுக்கு மாற்றாக 2003 நவம்பர் 3 அன்று வந்த டிடி நியூஸ், இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்தி வழங்கியது. 2019-இல் அது இந்திக்கு மட்டும் என்றானது; ஆங்கிலச் செய்திகள் டிடி இந்தியாவுக்கு மாற்றப்பட்டன. பிபிசியும் தன் உள்நாட்டு, உலகச் செய்தி அலைவரிசைகளை 2023 ஏப்ரல் 3 அன்று ஒரே பெயரில் இணைத்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை ஊர்களிலும், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியே டிடி இந்தியாவைப் பார்க்கலாம். ஆயினும் தமிழ் மட்டும் அறிந்தவருக்குத் தூர்தர்சனில் டிடி தமிழின் செய்தியறிக்கைகளே துணை.