கித்தான், தார்ப்பாய், ஒரு பாளையம்

போன வாரக் கடைசியில் டெக்சாஸ் வெயிலில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கின மோட்டார் ஹோமில் ஸ்லைடு டாப்பர் கிழிந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: வண்டியை நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் ஹால் சுவர் மேஜை டிராயர் மாதிரி வெளியே நீளும். அதுதான் ஸ்லைடு அவுட். 1990 வாக்கில் நியூமார் கம்பெனி இதைக் கொண்டுவந்தது. நீண்ட பகுதியின் கூரையில் இலை, தழை, மழைத்தண்ணீர் சேராமல் இருக்க மேலே ஒரு துணி தானாக விரியும். ஒரு ஓரம் வண்டிச் சுவரில், மறு ஓரம் ஸ்பிரிங் வைத்த உருளையில். அந்தத் துணிதான் ஹைவே காற்றில் பிய்ந்து படபடத்தது.

அப்பா ஜோகுபாளையத்திலிருந்து வந்திருக்கிறார். கீழே நின்று துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணி நல்லாத்தான்டா இருக்கு. நூல்தான் செத்துப்போச்சு."

பார்த்தால் உண்மைதான். மடித்துத் தைத்த ஓரத்தில் நூல் பொடிப்பொடியாக உதிர்கிறது. "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன். "உங்க தாத்தா டெண்ட் தைச்சவருடா" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. தாத்தா 'மிலிட்டரியில் டெய்லர்' என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள். நான் காக்கிச் சட்டை என்றே நினைத்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

1799இல் திப்பு விழுந்த பிறகு கும்பினிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே மலேரியா வாட்டவே, 1809இல் பெங்களூருக்கு, அல்சூர் பக்கம் வந்து இறங்கியது. அதுதான் கண்டோன்மெண்ட். கன்னடத்தில் 'தண்டு'. தண்டு என்றால் தமிழிலும் படைதான். மதராஸ் படையாச்சே! அதன் பின்னாலேயே ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழ் ஜனங்களும் வந்தார்கள். சமையல், சலவை, கட்டட வேலை, தையல் என்று படைக்கு வேண்டியதெல்லாம் செய்தார்கள். 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு இன்றும் அல்சூர் ஏரிக்கரைதான் வீடு. அந்தச் சிப்பாய்களுக்குப் பட்டப்பெயரே 'தம்பி'. 1949 வரை கண்டோன்மெண்ட்டும் பழைய பேட்டையும் தனித்தனி நகராட்சிகள்.

இரண்டாம் உலகப்போரில் பெங்களூர் பெரிய ராணுவத் தளம். படைகளுக்கும் முகாம், பிடிபட்ட இத்தாலியக் கைதிகளுக்கும் முகாம். தாத்தாவுக்கு அப்போது கை ஓயாத வேலையாம். பருத்திக் கித்தானை ஊசி ஏறாத அளவுக்கு நெருக்கமாக நெய்திருப்பார்களாம். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டுதான் ஊசியைத் தள்ளவேண்டும்.

கித்தான் என்ற சொல்லே ஊர்சுற்றிதான். அரபியில் 'கத்தான்' என்றால் ஆளிச்செடி நாரில் நெய்த துணி. தார்ப்பாய் கதை இன்னும் ஜோர். கப்பல்காரர்கள் கித்தானில் தார் பூசினார்கள், டார்பாலின் ஆயிற்று. நம் ஆட்கள் அதைத் தார் + பாய் என்று பிரித்தார்கள். பொருளும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது :-)

பருத்திக் கித்தான் நனைந்தால் இழை உப்பி, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் மழையில் உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுகும். "மழை பெய்யறப்ப கூரையைத் தொடாதேன்னு எங்கப்பா அடிச்சிருக்காரு" என்றார் அப்பா. பருத்திக்குப் பூஞ்சை எதிரி. 1961இல் சன்பிரெல்லா என்ற அக்ரிலிக் துணி வந்தது. இழை உருவாகும்போதே சாயம் உள்ளே போய்விடுவதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் அதைச் சாதா பாலியெஸ்டர் நூலால் தைத்தால், துணிக்கு முன்னால் நூல் போய்விடும். என் கேஸ் அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உருளையின் ஸ்பிரிங்கை அசையாமல் பூட்டவேண்டும். பூட்டாமல் கழற்றினால் சுழன்று கையை உடைத்துவிடும். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தால், திரும்ப அத்தனை சுற்று முறுக்கலாம். பழைய துணியைச் சுவர்ப்பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் உருவி, புதுசைச் சோப்புத்தண்ணீர் தடவி நுழைத்தோம். இதற்கு ஒரு ஆள் பத்தாது. நான் இழுக்க, அப்பா கீழிருந்து ஊட்டிவிட்டார். புதுத் துணிக்கு வெயில் தின்னாத டெஃப்லான் வகை நூல். ஆர்டர் கொடுக்கும் முன்னால் அப்பா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சாயங்காலம் டாப்பர் நிழலில் டீ குடிக்கும்போது தங்கமணி பேச்சை ஆரம்பித்தாள். அப்பா தனியாக இருக்கிறார், ஜோகுபாளையம் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடலாமே என்று. நானும் 'இன்னும் ரெண்டு வருஷத்துல திரும்பிடுவோம்' என்று பதினாறு வருஷமாகச் சொல்கிறவன்தானே? வாயைத் திறக்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "பாளையம்னா என்னன்னு நெனச்சே? படை இறங்கற எடம். கூடாரம். நாளைக்குப் பிரிச்சுட்டுப் போயிடுவோம்னுதான் வந்தாங்க நம்மாளுங்க. அப்படியே எத்தனை தலைமுறை ஆச்சு பாரு. நீங்களும் இங்க அப்படித்தான் இருப்பீங்க. தப்பில்ல. என் கூடாரம் அங்க இருக்கட்டும்."

தங்கமணி எழுந்து இன்னொரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள்.

பழைய துணியைக் குப்பையில் போட விடவில்லை அவர். கிழிந்த ஓரத்தை வெட்டி, நீளவாக்கில் மடித்து, பெட்டியில் வைத்தாயிற்று. மொட்டை மாடியில் துணி துவைக்கும் இடத்துக்கு நிழலாக வேண்டுமாம். மிச்சமிருந்த நல்ல நூலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வரும் வியாழக்கிழமை ஃபிளைட்.