அலியா, மார்சியானோவா, டைசனா? ஒப்பீட்டில் விடுபடும் கணக்கு

1980-ஆம் ஆண்டு முஹம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். சார்பட்டா போன்ற பரம்பரைகள் குத்துச்சண்டையை வளர்த்த ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் அலியின் பெயரைத் தெரியாதவர் குறைவு. ‘ஹெவிவெயிட்டில் யார் பெரியவர்?’ என்று நம் பிள்ளைகள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு நேரடியான விடை உண்டா?

ஒருமுறை கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பார்த்தார்கள். 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத ராக்கி மார்சியானோவும் அலியும் 1969-ல் கேமரா முன் சண்டையிட்டு நடித்தனர். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி வென்றார்! பார்ப்பவர்களுக்குத் தக்கபடி முடிவும் மாறியது.

ஒப்பீடு ஏன் கடினம்?

எடை: மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. 1974-ல் ஃபோர்மேனை வென்றபோது அலி சுமார் 98 கிலோ. 2024-ல் ரியாதில் உசிக்கிடம் தோற்ற டைசன் ஃபியூரி சுமார் 119 கிலோ. ஹெவிவெயிட்டில் எடைக்கு உச்சவரம்பு இல்லை.

சுற்றுகள்: முன்பு பட்டப் போட்டி 15 சுற்றுகள். 1982-ல் கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்தபின், 1980-களிலேயே அது 12 ஆகக் குறைந்தது.

எதிராளிகள்: ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்தார், 25 முறை தக்கவைத்தார். 1951-ல் மார்சியானோ அவரை வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. மைக் டைசன் பட்டம் வென்றது 20 வயதில். வெற்றி எண்ணிக்கை மட்டும் இதையெல்லாம் சொல்லாது.

இழந்த ஆண்டுகள்: மார்க்கத்தைக் காரணம் காட்டி ராணுவத்தில் சேர மறுத்ததால் 1967-ல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை.

ஆகவே, ‘தன் காலத்தின் பலசாலிகளில் எத்தனை பேரை வென்றார்?’ என்று கேட்பதே நியாயமான அளவுகோல். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மேன் ஆகியோரை வென்று, மூன்று முறை பட்டம் பெற்ற அலி இதில் முன்வரிசையில் நிற்கிறார்.

பட்டியலில் இல்லாத கணக்கு

அலியின் சாதனைப் பட்டியலில் 56 வெற்றிகள், 5 தோல்விகள். அவர் வாங்கிய அடிகள் அதில் இல்லை. சென்னைக்கு வந்த அதே 1980-ன் அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் அடிவாங்கித் தோற்றார். 1984-ல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016-ல் வஃபாத்தானார். தலையில் தொடர்ந்து விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை.

சண்டையிடும்போது முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். 1987-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, இன்றைய குத்துச்சண்டை கூடாது என்று தீர்மானித்ததும் உடலுக்கு நேரும் கேட்டைக் கருதியே.

ஓட்டம், ஸ்கிப்பிங், மூட்டைப் பயிற்சி ஆகியவை உடலுக்கு வலுவூட்டும். அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. அலியைப் புகழும் பிள்ளையிடம் அவருடைய வெற்றிகளோடு, கடைசி முப்பது ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். தலையில் அடி விழும் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க அந்த முழுக் கணக்கும் வேண்டும்.