அறிஞர் மில்லின் மனக்கலக்கம்

வகுப்பில் முதலாவதாக நிற்கும் மாணவனைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் கவலை கொள்வதில்லை. அது தவறு என்பதற்கு ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வரலாறே சான்றாகும்.

1806-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த அவருக்குத் தந்தையார் ஜேம்ஸ் மில்லே ஆசிரியர். 3-ஆம் வயதில் கிரேக்கமும், 8-ஆம் வயதில் இலத்தீனும் கற்கத் தொடங்கினார். 17-ஆம் வயதில் கிழக்கிந்தியக் கும்பினியில் அலுவல் ஏற்றார். சமுதாயச் சீர்திருத்தமே அவர்தம் குறிக்கோளாயிற்று.

1826-இல், 20-ஆம் வயதில், அச்சீர்திருத்தங்கள் யாவும் கைகூடினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவினார். உண்டாகாது என்றே உள்ளம் உரைத்தது. வாழ்வின் பற்றுக்கோடு சரிந்தது. அலுவலைப் பழக்கத்தால் செய்துவந்தார். துயரைத் தந்தையாரிடமும் சொன்னாரல்லர்.

சில திங்கள் சென்றபின், மார்மொந்தேல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தார். தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க உறுதிகொள்ளும் பகுதியில் கண்ணீர் உகுத்தார். தம் உணர்ச்சி வற்றிவிடவில்லை என்றறிந்ததும் பாரம் குறைந்தது. 1828-இல் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மருந்தாயின. அறிவோடு உணர்வையும் வளர்த்தல் வேண்டும் எனத் தெளிந்தார். இவற்றைக் கூறும் அவர்தம் தன்வரலாறு, அவர் மறைந்த 1873-இல் வெளிவந்தது.

மில்லுக்குச் சொல்லி ஆற ஆளில்லை. நம் முதல் மாணவனுக்கு நாம் இருக்கிறோம். மதிப்பெண்ணோடு அவன் மனத்தையும் கேட்டறிவோமாக.