நியூவிங்டன் கிரீன் வரிசை வீடுகள்

இலண்டனின் வடபகுதியில் உள்ள நியூவிங்டன் கிரீன் என்னும் புல்வெளிச் சதுக்கத்தை ஒட்டி, 52 முதல் 55 வரை எண்ணிட்ட நான்கு செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 1658ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவை, இலண்டனில் இன்றும் எஞ்சியுள்ள செங்கல் வரிசை வீடுகளில் மிகப் பழமையானவை. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரத்தில் இவை சேர்க்கப்பட்டுள்ளன.

பெருந்தீக்கு முன்

இலண்டனின் செங்கல் வீடுகள் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகே தோன்றியவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அத்தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் ஆனவை. 1667இல் இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம், நகருக்குள் வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று விதித்தது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, அவற்றின் உயரத்தையும் சுவர்களின் தடிமனையும் வரையறுத்தது.

நியூவிங்டன் கிரீன் வீடுகளோ அத்தீக்கு எட்டு ஆண்டுகள் முந்தியவை. அந்நாளில் இது நகருக்கு வெளியே இருந்த சிற்றூர் என்பதால் தீ இங்கு எட்டவில்லை. ஆகவே செங்கல் வரிசை வீடு சட்டத்தால் பிறந்த வடிவம் அன்று. முன்பே வழக்கில் இருந்த ஒன்றைச் சட்டம் நகருக்குள் கட்டாயமாக்கியது எனலாம்.

கட்டட அமைப்பு

அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு இடையே ஒரே பொதுச்சுவர். இதனால் செங்கல்லும் நிலமும் மிச்சமாயின. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவுவதும் கடினமாயிற்று.

முகப்பில் இரு காலங்கள் சந்திக்கின்றன. மேலே கூர்ந்து எழும் நான்கு முக்கோண முகடுகள் பழைய ஆங்கில மரபைச் சேர்ந்தவை. அவற்றின் கீழே சுவரில் புடைத்து நிற்கும் தட்டையான அரைத்தூண்களும், உள்வாங்கிய வளைவு மாடங்களும் உரோமானியக் கட்டடக்கலையின் சாயலைக் காட்டுகின்றன. 1630களில் இனிகோ ஜோன்சு கோவன்ட் கார்டன் சதுக்கத்தை வடிவமைத்ததிலிருந்து இந்தப் பாணி இலண்டனில் பரவி வந்தது. பிற்காலத்தில் முக்கோண முகடுகள் மறைந்தன. கூரையை மறைக்கும் நேரான கைப்பிடிச் சுவர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அந்த மாற்றத்துக்கு முந்திய நிலையை இவ்வீடுகள் காட்டுகின்றன.

வாழ்ந்தோர்

அரசுத் திருச்சபையிலிருந்து விலகி நின்ற கிறித்தவர்கள் இச்சிற்றூரில் கூடி வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான மெய்யியலாளரும் மதகுருவுமான ரிச்சர்டு பிரைசு 1758இல் இங்கு வந்தார். 54ஆம் எண் வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார். பெஞ்சமின் பிராங்கிளின் அவருடைய நண்பர். அமெரிக்காவின் தூதராக இலண்டனில் இருந்த ஜான் ஆடம்சு அவருடைய உரைகளைக் கேட்க வந்தார். 1784இல் இவ்வூரில் பள்ளி நடத்தத் தொடங்கிய மேரி வுல்சுடன்கிராப்டும் பிரைசின் கருத்துகளால் ஊக்கம் பெற்றார். பின்னாளில் அவர் பெண்களின் உரிமைகளுக்காக எழுதிப் புகழடைந்தார்.

இலண்டன் மாநகர் இச்சிற்றூரை விழுங்கிய பின்னும் நான்கு வீடுகளும் நிலைத்துள்ளன. தீக்கு முந்திய இலண்டனின் மர வீடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், அக்காலத்து நடுத்தரக் குடும்பங்கள் செங்கல்லில் எவ்வாறு கட்டி வாழ்ந்தன என்பதற்கு இவை நேரடிச் சான்றாக நிற்கின்றன.