சவுதார் குளம் உணர்த்தும் பாடம்

பொதுக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகும் உரிமைக்காக நம் மக்கள் மாநாடு கூட்டினர், அடியும் பட்டனர், பத்தாண்டுக் காலம் வழக்கும் நடத்தினர். அன்றைய பம்பாய் மாகாணத்துக் கொலாபா மாவட்டத்தில், மகத் என்னும் சிறு நகரில் நிகழ்ந்த அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் நன்கு அறிதல் வேண்டும்.

அரசுப் பணத்தில் அமைந்த குளம், கிணறு, சத்திரம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானத்தை 1923 ஆகஸ்டில் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றது. 1924இல் மகத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. ஆயினும் தீர்மானங்கள் ஏட்டளவிலேயே நின்றன. பிற சமயத்தவர் நீர் எடுத்த அக்குளத்தை நம் மக்கள் நெருங்க இயலவில்லை.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு அங்குக் கூடியது. ஆர்.பி. மோரே போன்ற தொண்டர்கள் அதற்காக உழைத்தனர். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்; இராணுவப் பணியினின்று ஓய்வுபெற்றோரும் அவர்களுள் இருந்தனர். ஊரில் குளம் இருந்தும், வந்தோரின் தாகம் தீர்க்க 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க நேர்ந்தது! இரண்டாம் நாள் அனைவரும் அணிவகுத்துக் குளத்திற்குச் சென்றனர். அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார், மக்களும் பருகினர்.

கோயிலுக்குள்ளும் நுழையப் போகின்றனர் என்ற வதந்தி உடனே கிளப்பப்பட்டது. மாநாட்டிற்கு வந்தோர் தாக்கப்பட்டனர். பால், தயிர், சாணம், கோமியம் நிரப்பிய 108 குடங்களைக் குளத்தில் அமிழ்த்தித் 'தீட்டு' கழித்தனர். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது.

அவ்வாண்டு டிசம்பர் 25இல் இரண்டாம் மாநாடு கூடி, மனுஸ்மிருதியை எரித்தது. ஆனால் எதிர்த்தரப்பினர் அதற்கு முன்பே நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். குளத்தில் இறங்க மக்கள் துடித்தனர். எனினும் அம்பேத்கரின் அறிவுரையை ஏற்றுப் பொறுமை காத்தனர். அன்று உணர்ச்சியை அடக்கிய கட்டுப்பாடும் போராட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.

குளம் தங்களுக்கே உரியது என்றும், தாழ்த்தப்பட்டோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றும் எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். நீதிமன்றமோ சான்று கேட்டது. உரிமை வாதம் நிற்கவில்லை. நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு வரும் வழக்கம் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

பொது நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை முதலியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாது என்பது 1950 முதல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் நிலைபெற்றுள்ளது. ஆனால் எழுத்திலுள்ள உரிமை தானே குடத்தில் வந்து நிறைவதில்லை என்பதை மகத் நமக்குக் காட்டிற்று. 1924இன் தீர்மானத்தைப் படித்தறிந்தோர் இருந்தனர். அதனைச் செயற்படுத்தத் திரண்டு நடந்தோர் இருந்தனர். நீதிமன்றத்தில் சளைக்காது வாதிட்டோரும் இருந்தனர். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோதே வெற்றி கிட்டிற்று.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் நோக்கமும் இதுவே. 'இது ஊர் வழக்கம்' என்று எவரேனும் கூறுமிடத்துச் சான்று எங்கே என்று கேட்கும் கல்வி வேண்டும். ஊராட்சிக் கணக்கையும் அரசாணையையும் படித்து, நம் தெருக் குழாய்க்குரிய நீரைக் கேட்டுப் பெறும் ஒற்றுமையும் வேண்டும். இளைஞர்களே, அப்பணி உங்களுடையது.