தலைகீழ்ப் படத் தேடல்

தலைகீழ்ப் படத் தேடல் என்பது சொற்களுக்குப் பதிலாக ஒரு படத்தையே உள்ளிட்டு, அதன் பிற படிகளையோ அதை ஒத்த படங்களையோ இணையத்தில் கண்டறியும் முறை. ரிவர்ஸ் இமேஜ் சர்ச் என்றும் வழங்கும். இதற்கான கருவிகள் படிகளைத் தேடுபவை, உள்ளடக்கத்தை இனங்காண்பவை என இருவகைப்படும்.

கனடாவின் டொரான்டோ நகர நிறுவனமொன்று 2008இல் வெளியிட்ட டின்ஐ முதல் வகை. படத்தின் எண்ணியல் கைரேகையை ஒப்பிடுவதால் வெட்டப்பட்ட, அளவு மாற்றப்பட்ட படிகளையும் இது கண்டுபிடிக்கும். முடிவுகளைப் பழமை வரிசையில் அடுக்கும் வசதி இதன் தனிச்சிறப்பு. உண்மை சரிபார்ப்புக்கு மிகவும் பயன்படுவதும் அதுவே. ஆயினும் இது காட்டும் நாள், கருவி அப்படத்தை முதலில் கண்ட நாளேயன்றி, படம் எடுக்கப்பட்ட நாள் அன்று.

கூகுள் 2011இல் படவழித் தேடலைத் தொடங்கியது. 2022இல் அவ்விடத்தைக் கூகுள் லென்ஸ் பிடித்தது. இரண்டாம் வகையைச் சேர்ந்த லென்ஸ், பொருள், எழுத்து, தாவரம் ஆகியவற்றை இனங்காண்பதில் வலிது. மூலப்படத்தைத் தேடுவோருக்கோ ஒத்த படங்களே மிகுதியாகக் கிடைக்கும். ரஷ்யாவின் யான்டெக்ஸ் முகங்களையும் கட்டடங்களையும் பொருத்துவதில் பெயர்பெற்றது. பிங் கருவியில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து தேடலாம்.

வாட்ஸ்அப் குழுக்கள், பூட்டிய சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவற்றிலுள்ள படங்களை இக்கருவிகள் எட்டுவதில்லை. காணொளிகளுக்கு அவற்றின் முக்கியச் சட்டகங்களைப் பிரித்தெடுத்துத் தேடுவதே வழக்கம்.