காயலான் கடைத் தராசில் கேபிள் ஒயர்

காயலான் கடையில் கேபிள் டிவி ஒயரைக் கொண்டுபோய்ப் போட்டால், விவரமான கடைக்காரர் தராசைத் தொடுவதற்கு முன்னால் காந்தத்தை எடுப்பார். உரித்த நடுக்கம்பி செம்பு மாதிரி மின்னும். ஆனால் காந்தம் போய் ஒட்டிக்கொள்ளும். செம்பில் காந்தம் ஒட்டாது. உள்ளே இருப்பது இரும்பு. செம்பு விலையை நம்பிச் சுமந்து வந்தவர் கிட்டத்தட்ட இரும்பு விலையோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த ஒயருக்கு வயது அதிகம். 1880இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை பிளாஸ்டிக், மேலே அலுமினியத் தாளும் வலையும், வெளியே கறுப்பு உறை என்பதுதான் இன்று நம் தெருக்களில் தொங்கும் வடிவம். உயர் அலைவரிசை சிக்னல் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். அதனால் முழுச் செம்பு தேவையில்லை, இரும்புக் கம்பிக்குச் செம்புத் தோல் போர்த்தினால் போதும். வீட்டுக்கு வரும் ஆர்ஜி-6 ஒயரில் நடுக்கம்பியின் குறுக்களவு சுமார் 1 மில்லிமீட்டர். அதன் செம்புத் தோல் ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 100 மீட்டரில் ஏறக்குறைய 100 கிராம் செம்பு. முழுச் செம்புக் கம்பியாக இருந்தால் 700 கிராமுக்கு மேல் தேறும். அந்த 100 கிராமையும் இரும்பிலிருந்து கையால் பிரிக்க முடியாது. முழுச் செம்பு போட்ட ரகமும் உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்த ஒயர் பரவிய காலம் நமக்குத் தெரிந்த காலம். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 2006 தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சியை அறிவித்தது. அதன்பிறகு சேரியிலும் காலனியிலும் பெட்டி இல்லாத வீடு குறைந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. இப்போது அந்த இடத்துக்கு ஃபைபர் வருகிறது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதற்குக் காயலான் கடையில் விலையே கிடையாது. கம்பத்திலிருந்து இறங்கும் பழைய ஒயர் குப்பைக்கு வருகிறது. அதைப் பொறுக்குகிற கைகளும் அங்கேதான் காத்திருக்கின்றன.

உரிக்க நேரம் பிடிக்கும் என்பதால் ஒயரைக் கொளுத்துகிறார்கள். மின்சார ஒயரைக் கொளுத்தினால் கருகிய செம்பாவது மிஞ்சும். கேபிள் ஒயரில் அதுவும் இல்லை. முடி மாதிரி மெல்லிய அலுமினிய வலை தீயில் பொடிந்து சாம்பலோடு போய்விடுகிறது. மிஞ்சுவது கறுத்த இரும்புக் கம்பி. உறை பிவிசியாக இருந்தால் அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். கூடவே டையாக்சின் உருவாகும். செம்பு அருகில் இருந்தால் டையாக்சின் இன்னும் சுலபமாக உருவாகும் என்பது வேதியியல். ஆக, எரிப்பவருக்கு லாபம் என்று ஒன்றுமில்லை, நஞ்சு மட்டும் உண்டு.

இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் 'ஏழைகள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எல்லா ஏழைகளும் குப்பை மேட்டுக்கு வருவதில்லை, தோழர்களே. புனேயில் குப்பை பொறுக்குவோரில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்கள். நம் ஊர்க் குப்பை மேடுகளில் யாருடைய பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும். செத்த மாட்டைத் தூக்கு, பிணத்தின் துணியை எடுத்துக்கொள், எச்சிலைத் தின் என்று ஊர் ஒதுக்கிக் கொடுத்த 'உரிமை'களின் பட்டியலில் பழைய ஒயர் பிற்காலச் சேர்க்கை.

இங்கே ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சி உண்பதை விட்டொழிக்கும்படி பாபாசாகேப் அம்பேத்கர் மக்களிடம் சொன்னார். செத்த மாட்டை இழுப்பதையும் விடச் சொன்னார். ஆதிக்கச் சாதிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கோபமாக மட்டும் பேசவில்லை, அக்கறையாகவும் பேசினார்கள். 'கேசரி' பத்திரிகையில் ஒருவர் கணக்கே போட்டுவிட்டார்: ஊரில் வருடத்துக்கு இத்தனை மாடு சாகிறது, தோல், கொம்பு, குளம்பு, எலும்பு, இறைச்சி எல்லாவற்றுக்கும் விலை உண்டு, இதை விட்டால் மகர்களுக்கு எவ்வளவு நட்டம்! 1956 அக்டோபர் 15 அன்று, பௌத்தம் தழுவிய மறுநாள், நாக்பூர் பேச்சில் பாபாசாகேப் இதை நினைவுகூர்ந்தார். அவ்வளவு லாபம் என்றால் நீங்களே இழுத்து அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு நானும் பணம் தருகிறேன் என்பது அவர் பதிலின் சாரம். யாரும் முன்வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'குப்பையில் கோடி' என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கேசரிக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. அதில் மாட்டின் விலை இருந்தது, இழுத்தவரின் விலை இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் ஒயர் சுருள் இருந்தாலே திருட்டு ஒயர் என்று சந்தேகிக்கும் வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. அது 1952இல் ஒழிந்தது. காவல் நிலையத்தின் பார்வை ஒழியவில்லை. கடைக்காரரிடம் விலை பேசும் துணிச்சலைக்கூட அந்தப் பயம் தின்றுவிடுகிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். 1993இல் புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் மன்றம் என்று பொருள். முதலில் கேட்டது அடையாள அட்டை. திருடி என்று பிடிக்கும் போலீஸிடம் நான் தொழிலாளி என்று காட்ட ஒரு அட்டை வேண்டும். பிறகு தங்கள் உழைப்பால் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவு மிச்சமாகிறது என்பதைக் கணக்கெடுத்து அதிகாரிகள் முன் வைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் மாநகராட்சியிடமிருந்து மருத்துவக் காப்பீடு கிடைத்தது. பின்னால் வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் 'ஸ்வச்' கூட்டுறவு அவர்கள் கைக்கு வந்தது. பொறுக்கும் வேலை போகவில்லை. ஆனால் குப்பை மேட்டிலிருந்து வாசலுக்கு வந்தார்கள், கட்டணம் கேட்டார்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் குப்பை பொறுக்குவோர் என்ற சொல் சட்டச் சொல்லாக இடம்பெற்றதற்குப் பின்னால் நாடெங்கும் நடந்த இப்படிப்பட்ட அமைப்பாக்கம் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். ஒரு கிலோ கேபிள் ஒயருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், அதை உரிக்க எத்தனை மணி நேரம், எரிப்பது எந்த இடத்தில், அந்த இடத்துக்குப் பக்கத்தில் யாருடைய வீடுகள், இருமலுக்கு மாதம் எவ்வளவு செலவு, கடைக்காரர் என்ன சாதி, பொறுக்குகிறவர் என்ன சாதி. எழுதி அனுப்புங்கள்.